நடுவில் நடந்தது

ஜனவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

மாமா எழுதுவது. நான் சௌக்கியம் என்று எழுதினால் அது குறைத்துச் சொன்னதாகிவிடும். அமோகமாக இருக்கிறேன்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நாலு வருடம் கழித்து வந்த கடிதம் என்று தபால்காரருக்கே தெரிந்திருக்க வேண்டும். நேராகத் தியேட்டருக்குள் வந்து, எங்கே அந்தப் பெரியவர் என்று என்னை விசாரித்து, இரண்டு கையாலும் நீட்டினார். (சரி, மேனேஜர் மேசையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஆனால் இரண்டு கையாலும்தான் போட்டிருப்பார்.)

உன் நிபந்தனைகளைப் படித்தேன். போன் கூடாது, வார்டில் போன் எடுக்க அனுமதி இல்லை, வீட்டில் எடுத்தால் உன் அம்மா காதில் விழும். ஆகவே ஆஸ்பத்திரி முகவரிக்குக் கடிதம். அதிலும் சினிமா, டிவி இவற்றைப் பற்றி மட்டும். வீட்டைப் பற்றிக் கேட்கக் கூடாது. அம்மாவைப் பற்றிக் கேட்கக் கூடாது. அந்த டாக்டர் விஷயத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் சம்மதம். உனக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களிடம் நீ டாக்டர் என்று நான் சொன்னதையும், அந்தச் சமாச்சாரம் ஐந்தே நிமிடத்தில் உடைந்து அவர்கள் எழுந்து போனதையும், என் கூடப்பிறந்த அக்கா என்னை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியதையும் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதப் போவதில்லை. பார்த்தாயா, எழுதவே இல்லை.

சினிமா பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஊரில் கிடையாது. எட்டாவது வகுப்பை மட்டும் மூன்று வருடம் படித்தவன் நான். மொத்தமாகக் கூட்டினால் பத்தாவது ஆகிறது. அதற்கு மேல் பதினெட்டு வருடம் இரண்டாம் நம்பர் திரையில் டார்ச். படிப்பு என்றால் இதுதான் படிப்பு.

என் வேலை இப்படி. படம் தொடங்கியதும் முதல் பத்து நிமிடம் உள்ளே நின்று, தாமதமாக வருபவர்களுக்கு வரிசை காட்டுவேன். வெளிச்சத்தை முகத்தில் அடிக்கக் கூடாது, காலடியில்தான் அடிக்க வேண்டும். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே நடைபாதையில் காவல். கடைசிப் பத்து நிமிடத்துக்கு மறுபடி உள்ளே போய், வெளியேறும் கதவுப் பக்கம் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆகவே எல்லாப் படத்துக்கும் எனக்குத் தலையும் தெரியும், வாலும் தெரியும். நடு உடம்பு? அதற்குத்தான் மூளை இருக்கிறது. அதோடு நடுவில் கழிப்பறைக்கு ஓடிவருபவர்களிடம் விசாரிப்பேன். அவசரத்தில் இருக்கிறவன் பொய் சொல்லமாட்டான்.

இந்த வாரம் ஒரு பழைய பேய்ப் படத்தை மறுபடி ஓட்டுகிறார்கள். ஒரு குடும்பம் லாரியில் சாமான்களோடு பெரிய பங்களாவுக்குக் குடிவருகிறது. மாடியில் பூட்டிய அறை. சமையல்காரக் கிழவர், "அந்த ரூம மட்டும் தொறக்காதீங்க தாயே" என்கிறார். அது தலை. வால் என்னவென்றால், பங்களா பற்றி எரிகிறது. மனைவி தெருவில் நிற்கிறாள், கையில் சாவிக்கொத்து, சிரிக்கிறாள். நடுவில் நடந்தது தெளிவு: சமையல்காரர்தான் பேய். நாற்பது வருடத்துக்கு முன்பே செத்தவர். அவர் கை பட்ட சாப்பாட்டைத் தின்ற கணவன் ஒவ்வொரு நாளும் அரை அங்குலம் குள்ளமாகிக்கொண்டே போகிறான். எப்படி? மேனேஜரே கேட்டுவிட்டு வாயைப் பிளந்தார்.

நீ சமீபத்தில் என்ன பார்த்தாய்? எழுது.

இப்படிக்கு,
உன் டார்ச் மாமா


ஜனவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு வார்த்தைகூட எழுதாமல் ஐந்து வரி எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு தடவை மன்னித்தேன்.

எங்கள் வார்டைப் பற்றிச் சொன்னால்தான் நான் எப்படிப் படம் பார்க்கிறேன் என்பது புரியும். நாலு கட்டில், நாலு டயாலிசிஸ் மிஷின். ஒவ்வொருவரும் நாலு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, மிஷினில் சுத்தமாகித் திரும்ப உள்ளே போகும். சுவரில் ஒரு டிவி உண்டு, ஆனால் சத்தம் கிடையாது. குழாயில் ஏதாவது அடைத்தால் மிஷின் கூவும், அது என் காதில் விழுந்தாக வேண்டும். ஆகவே எங்கள் டிவியில் எல்லோரும் வாயை மட்டும் அசைப்பார்கள்.

படம் தொடங்கும்போது நான் யாருக்காவது எடை பார்த்துக்கொண்டிருப்பேன். முடியும்போது ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கிடைப்பது நடுப்பகுதி மட்டும்தான். சிரிக்காதீர்கள். உங்களிடம் இல்லாததுதான் என்னிடம் இருக்கிறது.

நீங்கள் சொன்ன பேய்ப் படத்தைப் போன வியாழக்கிழமை டிவியில் போட்டார்கள். நடுவை ஒரு மணி நேரம் பார்த்தேன். சமையல்காரர் பேய் இல்லை மாமா. அவர் பாதியிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுகிறார். கணவன் குள்ளமாகவும் இல்லை. அவன் ஓயாமல் ஒரு துண்டால் சாவிகளைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான். அந்த அறையைத் திறந்தால் உள்ளே குழந்தைத் துணிகள் மட்டும். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, சத்தம் இல்லையே.

உங்கள் கடிதத்தை நாலாம் நம்பர் கட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முப்பது வருடம் வீடியோ கடை வைத்திருந்தவர், அவர் பார்க்காத படம் கிடையாது. சிரித்துச் சிரித்துக் கட்டிலே ஆடியது. "கைய ஆட்டாதீங்கம்மா" என்று நான் கத்த வேண்டியதாகிவிட்டது. "அடுத்த லெட்டர் எப்போ வரும்?" என்று கேட்கிறார். ஒன்றாம் நம்பரும் கேட்கிறார்.

இன்னொரு சந்தேகம். வக்கீல் தொடர் ஒன்று தினமும் ஓடுகிறது. அந்தப் பெண் வக்கீல் ஒரு கோப்பைத் திறக்கிறாள், பார்க்கிறாள், அதிர்ச்சியாகிறாள், மூடுகிறாள். மூன்று வாரமாக இதேதான். அந்தக் கோப்பில் என்னதான் இருக்கிறது?

அன்புடன்,
வாயாடி


பிப்ரவரி 3

அன்புள்ள வாயாடிக்கு,

நீ பார்த்தது டிவிக்காக வெட்டிச் சுருக்கிய படம். தியேட்டரில் ஓடியதில் அவன் குள்ளமாகத்தான் ஆனான். கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

ஆனால் குழந்தைத் துணி என்றாயே, அது என்னை நாலு நாள் யோசிக்க வைத்துவிட்டது. வீடு எரியும்போது அந்தப் பெண் சிரிக்கிறாள் என்று எழுதினேன் அல்லவா? உன் கடிதம் வந்த மறுநாள் திரைச்சீலையை விட்டு இரண்டடி முன்னால் வந்து உற்றுப் பார்த்தேன். அது சிரிப்பு இல்லை. அழுகைக்கு முன்னால் வாய் கோணுமே, அது. பதினெட்டு வருடத்தில் நான் ஒன்றைத் திரும்பப் போய்ப் பார்த்தது இதுதான் முதல் தடவை. உன்னால்தான். இதை நாலாம் நம்பர் அம்மாவிடம் சொல்லாதே, என் மதிப்பு குறையும்.

கோப்பில் ஒன்றும் இருக்காது. பழைய செய்தித்தாள் வைப்பார்கள். எனக்கு ஒரு இயக்குநரே சொன்னார், இதே தியேட்டர் நடைபாதையில், என் தோளில் கை போட்டு. (தோளில் போடவில்லை. "கழிப்பறை எங்கே" என்று கேட்டார். ஆனால் நட்பாகக் கேட்டார்.)

இப்போது எங்கள் திரையில் ஓடுவது ஒரு கப்பல் படம். தலை: ஒருவன் கப்பல் வேலைக்குப் போகிறான். வால்: நரைத்த தலையோடு திரும்பி வந்து ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான். கதவு திறக்கிறது, படம் முடிகிறது. யார் திறந்தார்கள் என்று காட்டவே இல்லை. எனக்குத் தெரியும், அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள்.

படத்தைப் பற்றிய கேள்வி என்பதால் கேட்கிறேன், நிபந்தனையை மீறவில்லை. அந்த அக்கா ரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாளா? முன்பெல்லாம் பாதி மாத்திரையை உடைத்து மீதியை ஜன்னலில் வைத்துவிடுவாள். படத்தில்தான். முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறாளா? தம்பி என்ற பாத்திரத்தின் பேர் அந்தப் படத்தில் எப்போதாவது வருகிறதா? நடுப்பகுதி பார்ப்பவள் நீதானே, உனக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
உன் டார்ச் மாமா


பிப்ரவரி 15

அன்புள்ள மாமாவுக்கு,

கப்பல் படத்தில் மாத்திரையா? நாலாம் நம்பர் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உங்க மாமா பெரிய கில்லாடிம்மா. பதில் எழுது, பாவம்" என்றார்.

சரி, எழுதுகிறேன். அந்தப் படத்து அக்கா இப்போது முழு மாத்திரை சாப்பிடுகிறாள். முழங்கால் அப்படியேதான், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். தம்பி பேர் வருவதில்லை. ஆனால் தம்பி பேர் வரவேண்டிய இடத்தில் ஒரு நிமிடம் சத்தம் மட்டும் போய்விடுகிறது, எங்கள் டிவி மாதிரி.

உங்கள் போன கடிதத்தின் ஒரு மூலையில் மை கரைந்திருந்தது. என் சாப்பாட்டுப் பையில்தான் எல்லாக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். தண்ணீர் பாட்டில் ஒழுகியிருக்கும். "இயக்குநரே" பக்கம் இரண்டு வரிதான் போனது, முன்பே படித்துவிட்டதால் நஷ்டமில்லை.

படத்தில் இல்லாத விஷயம் ஒன்றும் சொல்கிறேன், எனக்கே புரியாததால். நம் வீட்டு டிவி செய்திக்கு மட்டும்தான் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது அம்மா படம் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேய்ப் படத்தை மறுபடி போட்டார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்தாள். "இதுல எவன்டி குள்ளமாகப் போறான்?" என்று கேட்டாள். குள்ளமா, யார் சொன்னது என்றேன். "பக்கத்து வீட்டுல சொன்னாங்க" என்றாள். பக்கத்து வீடு மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. இதைத் தொடராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு தொடரில் ஒரு பெண், டயாலிசிஸ் மிஷின் ஓட்டுகிறவள். வாரம் மூன்று நாள் ஆம்புலன்ஸில் நோயாளியைக் கொண்டுவரும் டிரைவர் ஒருவர். நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும் அல்லவா? காத்திருந்தார், பேசினார், இப்போது ஏப்ரல் 12-ஆம் தேதி பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அந்தப் பெண்ணின் அம்மா ஒரு நோட்டில் அழைக்க வேண்டியவர்கள் பட்டியல் எழுதுகிறாள். இரண்டாம் எண்ணிலிருந்து தொடங்கியிருக்கிறாள். முதல் வரி காலி. ஏன் என்று கேட்டால், "பேனா எழுதல, விட்டுட்டேன்" என்கிறாள். அதே பேனாவால்தான் மற்ற முப்பத்தெட்டு பேரையும் எழுதியிருக்கிறாள்.

எனக்கு இந்தத் தொடர் சத்தத்தோடு பார்க்க வேண்டும்போல இருக்கிறது மாமா.

அன்புடன்,
வாயாடி


மார்ச் 2

அன்புள்ள வாயாடிக்கு,

அந்தத் தொடர்ப் பெண்ணுக்கு என் ஆசீர்வாதம். ஆயிரம் வருடம் நன்றாக இருக்கட்டும். ஆம்புலன்ஸ் டிரைவர் என்றா சொல்லப் போகிறார்கள்? அவசர சிகிச்சை வாகனத் தலைமை அதிகாரி என்று... சரி. வாயை மூடிக்கொண்டேன். டிரைவர். நல்ல வேலை. எல்லா வண்டியும் ஒதுங்கி வழிவிடும் ஒரே டிரைவர்.

இந்தக் கடிதத்தில் ஒரு அபூர்வமான படத்தைப் பற்றி எழுதுகிறேன். லீவு போட்டுவிட்டு, வேறொரு தியேட்டரில், டிக்கெட் வாங்கி, எனக்கு ஒருவன் டார்ச் அடித்து இடம் காட்ட, ராஜா மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். (அவன் முகத்தில் அடித்தான். பயிற்சி போதாது.)

படம் ஒரு அக்கா தம்பி கதை. தம்பி உயரமானவன், களையான முகம், ஊரே மதிக்கும். ஒரே குறை, வாய். ஒரு மீனைப் பிடித்தால் திமிங்கிலம் என்பான். அக்கா புருஷன் சின்ன வயசிலேயே போய்விடுகிறார். ஒரே பெண் குழந்தை. அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் பேச வருகிறார்கள். அன்றைக்குக் காலையில் தம்பி பஸ் நிறுத்தத்துக்குப் போய் அவர்களை வரவேற்று, டீக்கடையில் உட்கார வைக்கிறான். மாப்பிள்ளையின் அப்பா, "பொண்ணு ஆஸ்பத்திரில என்னவா இருக்குது?" என்று கேட்கிறார். தம்பி டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "டாக்டருங்க. கிட்னி டாக்டர். போன மாசம் ஒரு பெரிய மனுசனுக்கு உயிர் குடுத்தா, பேப்பர்ல போடறேன்னாங்க, இவதான் வேணாம்னுட்டா" என்கிறான். என்ன நடிப்பு! தியேட்டரே அதிர்ந்தது.

அப்புறம் வீடு. எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா கையை நீட்டி, "டாக்டர் அம்மா, எனக்கு அடிக்கடி மயக்கம் வருது, நாடிய கொஞ்சம் பாருங்களேன்" என்கிறாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "நான் டாக்டர் இல்லீங்க. மிஷின் ஓட்டுறேன்" என்கிறாள். அவ்வளவுதான். டம்ளர்கள் கீழே வைக்கப்படும் சத்தம் மட்டும். ஒவ்வொரு டம்ளராக. அக்கா தம்பியைப் பார்க்கிறாள். அவர்கள் போன பிறகு, "என் பொண்ணோட வாழ்க்கைய நீ கதை விட்டு விளையாடற எடமாடா? இனிமே இந்த வாசல மிதிக்காத" என்கிறாள். தம்பி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறான். தெரு முனை வரை போட்டுக்கொள்ளவில்லை.

முடிவு என்ன தெரியுமா? எனக்கும் தெரியாது. கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்கள் மேனேஜர் போன் போட்டு, ஆள் குறைவு, உடனே வா என்றுவிட்டார். ஆயுசில் ஒரு படத்துக்கு நடுவை முழுசாகப் பார்த்தேன், வாலை விட்டுவிட்டேன். நாலாம் நம்பர் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அக்கா மறுபடி தம்பியிடம் பேசினாளா என்று மட்டும் கேட்டு எழுது. அவசரம் இல்லை. ஏப்ரல் 12-க்குள் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

வாசித்துக் காட்டியபோது இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நாலாம் நம்பர் அம்மா, "இப்படி ஒரு படம் வரலம்மா" என்றார். எனக்கும் தெரியும். அந்தப் படத்தில் நான் நடித்திருக்கிறேனே.

நிபந்தனை போட்டவளே உடைக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும், ஒன்று கேட்க வேண்டும்.

சொல்ல வேண்டியது இது. அந்தச் சம்பந்தம் போனதற்காக நான் ஒரு நாள்கூட அழவில்லை. அந்த மாப்பிள்ளை முகம்கூட இப்போது ஞாபகம் இல்லை. என்னை வலித்தது வேறு. மிஷின் ஓட்டுகிறாள் என்று சொல்ல உங்களுக்கு வெட்கமாக இருந்ததே, அதுதான். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டி, "என் அக்கா மக" என்று நெஞ்சை நிமிர்த்துவீர்கள். அந்த ஒரு நாள் மட்டும் நான் இருக்கிறபடி உங்களுக்குப் போதவில்லை. நாலு வருடம் எழுதாததற்குக் காரணம் அம்மா இல்லை மாமா, இதுதான்.

இப்போது கேள்வி. தினம் நாலு மணி நேரம் நடுப்பகுதி மட்டுமே பார்க்கிறவள் நான். எங்கே காட்சி வெட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் படத்தில் ஒன்று குறைகிறது. தம்பி பஸ் நிறுத்தத்துக்குப் போகிறான் என்றீர்கள். அதற்கு முன்னால்? அன்றைக்கு நான் உள்ளே உடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். நீங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தீர்கள். அம்மா பின்னாலேயே வந்து, உங்கள் கையைப் பிடித்து நிறுத்தி, ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. நீங்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனீர்கள்.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் விட்ட கதையெல்லாம் உங்களைப் பற்றியதுதான். இயக்குநர் தோளில் கை போட்டார், தபால்காரர் இரண்டு கையால் கொடுத்தார். அடுத்தவரைப் பற்றி நீங்கள் ஏற்றிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். ஏன்?

அம்மா என்ன சொன்னாள் மாமா?

அன்புடன்,
வாயாடி


மார்ச் 20

அன்புள்ள பெண்ணே,

எந்தக் காட்சியும் வெட்டவில்லை. அக்கா, "குடை எடுத்துக்கிட்டியாடா" என்று கேட்டாள். அவ்வளவுதான். நீ இஸ்திரிப் புகையில் என்னத்தையோ பார்த்துவிட்டு வக்கீல் மாதிரி கோப்பைத் திறக்காதே. டாக்டர் என்று சொன்னது நான். என் வாய். அதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது.

ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினாயே, அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும் அல்லவா, அது வழியே பார்த்தேன். நாலு பேரும் படுத்திருந்தார்கள். நாலு பேர் ரத்தமும் குழாயில் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. நீ ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாய். ஒரு மிஷின் கூவியது, போய் ஒரு குழாயைத் தட்டினாய், நின்றது. இன்னொன்று கூவியது, போனாய். நான் ஒரு மணி நேரம் நின்றேன். உள்ளே வராமலே திரும்பிவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் அதைச் சொல்ல ஆசைப்பட்டேன். எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. எனக்கு, வார்த்தை கிடைக்கவில்லை!

டீக்கடையில் அவர் கேட்டபோதும் அந்தக் கண்ணாடிதான் கண்ணில் வந்தது. எட்டாவதை மூன்று தடவை படித்தவனுக்கு ஆஸ்பத்திரியில் தெரிந்த பெரிய வார்த்தை அது ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டேன். உன்னைக் கூட்டிச் சொன்னதாக அன்றைக்கு நினைத்தேன். குறைத்துச் சொல்லியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

12-ஆம் தேதி என்னால் வர முடியாது என்று அந்தத் தொடர்ப் பெண்ணிடம் சொல்லிவிடு. அன்றைக்கு இங்கே பெரிய படம் வெளியாகிறது. நான் இல்லாவிட்டால் தியேட்டரைத் திறக்கவே மாட்டேன் என்று மேனேஜர் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

மாமா


மார்ச் 30

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கண்ணாடி போடாமல் எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது, வேறு காரணம் இல்லை.

இவளுடைய சாப்பாட்டுப் பையைத் தினமும் துவைப்பது யாரென்று நினைத்தீர்கள் இரண்டு பேரும்? முதல் கடிதத்திலிருந்து எல்லாம் படித்துவிட்டேன். படித்துவிட்டு, மடிப்பு மாறாமல் அதே இடத்தில் வைத்துவிடுவேன். இரண்டாவது கடிதத்தில் மட்டும் சோப்புத் தண்ணீர் பட்டுவிட்டது. பாட்டில் ஒழுகியது என்று நினைத்தாளாம், நேற்றுத்தான் சொன்னாள். அந்தப் பாட்டிலை வாங்கியவள் நான், அது ஒழுகாது. பையில் புதுக் கடிதம் வந்தால், வேலையை எல்லாம் போட்டுவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பேன். அப்புறம் நீ சொன்ன படம் டிவியில் வருமா என்று காத்திருப்பேன். அந்தப் பேய்ப் படத்தை இரண்டு தடவை பார்த்தேன். யாரும் குள்ளமாகவில்லை. ஆகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த அக்கா தம்பிப் படத்தையும் பார்த்தேன். தம்பிக்குக் களையான முகம் என்று எழுதியதைத் தவிர எல்லாம் உண்மை. ஆனால் இவள் சொல்வது சரி. ஒரு காட்சி இல்லை.

குடையாம் குடை. அன்றைக்கு மழையே கிடையாது. வாசலில் உன் கையைப் பிடித்து நிறுத்தி, "மிஷின் ஓட்டுறான்னு மட்டும் சொல்லித் தொலைக்காதடா. நீதான் நல்லா பேசுவியே, கொஞ்சம் ஏத்திச் சொல்லு" என்றவள் நான். நீ ஏற்றினாய். இத்தனை உயரம் ஏற்றுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஏணியைச் சாத்தியவள் நான். அவர்கள் டம்ளரைக் கீழே வைத்தபோது நீ என்னைப் பார்த்தாய். சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். அதனால்தான் முந்திக்கொண்டு கத்தினேன். உன்னை வெளியே நிறுத்தியது கோபம் இல்லை, அந்தப் பயம்தான்.

காலையிலிருந்து ராத்திரி வரை அளந்துகொட்டும் வாய் உனக்கு. இந்த ஒன்றை நாலு வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. இவள் நேராகக் கேட்டபோதும் குடை என்றுவிட்டாய். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அதற்குப் பதில், "அம்மா, நீ ஒரு நாள் வார்டுக்கு வா, கண்ணாடி வழியா இல்ல, உள்ள வந்து பாரு" என்றாள். புதன்கிழமை போகிறேன். அந்த நாலாம் நம்பர் அம்மாவையும் பார்க்க வேண்டும். என் தம்பியின் கடிதங்களை என்னைவிட முன்னால் கேட்டவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

பட்டியலில் முதல் வரியை நிரப்பிவிட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதுகிறது. ஆம்புலன்ஸ் மாப்பிள்ளை வீட்டார் பெண் என்ன வேலை என்று கேட்டால், மிஷின் ஓட்டுகிறாள் என்று சொல். நீ கண்ணாடி வழியே பார்த்ததை அப்படியே சொல், ஒன்றும் சேர்க்காதே. உன்னைப் பற்றிக் கேட்டால் உன் இஷ்டம். அந்தத் தியேட்டரே உன்னுடையது என்றாலும் நான் தலையாட்டுகிறேன்.

உன் மேனேஜர் எந்தக் காலில் வேண்டுமானாலும் நிற்கட்டும். 12-ஆம் தேதி காலையில் வந்துவிடு. வழக்கம்போல முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் தலைகாட்டிவிட்டு ஓடிவிடாதே. நடுவிலும் இரு.

அக்கா